படகுக் கழிவறை மோட்டார்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

சோலண்ட் பாய்மரம்:
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனம் ஆறவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

1986-இல் கட்டிய 32 அடிப் படகு. கழிவறை 12 வோல்ட் வகை, பொத்தானை அழுத்தினால் அரைத்து வெளியே தள்ளும், உங்களுக்குத் தெரியாததில்லை. போன கோடையில் அது முனகத் தொடங்கியது. அரைக்கிற ஓசையே இல்லை, பாரவண்டி மேடேறுவது போல ஓர் இழுவை மட்டும். மோட்டாரிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றி, பொத்தானை அழுத்திக்கொண்டு அவற்றின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன்: 12.6 வோல்ட். மின்சாரம் குறைவில்லாமல் வருகிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். 200 பவுண்டுக்கு மேல் கொடுத்துப் புதியது வாங்கினேன். பீங்கானுக்குப் பின்னால் தலையை நுழைத்து, இரண்டு நாள் குனிந்தும் படுத்தும் அதை மாட்டினேன். அழுத்தினேன். புதிய மோட்டாரும் அதே முனகல்.

எழுந்திருக்கக் கை ஊன்றிய இடம், கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த நெகட்டிவ் இணைப்பு. சுரீரென்றது. கையை எடுத்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தின் சூடு. மனைவியைப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் முனைகளில் அளந்தேன்: 9.4.

மோட்டாரைக் கழற்றிவிட்டு அளந்தால் ஆம்பியர் ஓடாது. ஆம்பியர் ஓடாமல் வோல்ட் இறங்கவும் இறங்காது. பள்ளிக்கூடத்து ஓம் விதிதான், எனக்குத்தான் அன்று நினைவுக்கு வரவில்லை. மோட்டார் இழுப்பது 20 ஆம்பியர். பச்சை பூத்த அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே தொலைந்துவிடும், 40 வாட் சூடாக. போக வர 10 மீட்டர் ஓடும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இன்னொரு 0.9 வோல்ட்டை விழுங்கியது. உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கரியாகக் கறுத்திருந்தது. கம்பியும் இணைப்பும் மாற்ற ஆன செலவு 30 பவுண்ட்.

லங்காவிப் பணிமனை:
அண்ணா, கம்பி சரி. ஆனால் நானாக இருந்தால் கம்பிக்கு முன்னால் ஹோஸைக் கழற்றியிருப்பேன். பழைய படகில் கழிவறை முனகினால் பத்துக்கு ஏழு முறை சுண்ணாம்புதான்.

எனக்கு உறுத்துவது வேறு. இங்கே வாடகைக்கு ஓடும் ஓர் இரட்டைத் தோணிப் படகு, ஒரே பருவத்தில் மூன்று முறை ஃபியூஸ் போய் என்னிடம் வந்தது. முதல் முறை பம்ப் மாற்றினேன். இரண்டாம் முறையும் பம்ப்தான் மாற்றினேன். மூன்றாம் முறை, வெளியேற்றும் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். 38 மில்லிமீட்டர் ஹோஸ். மறுமுனையில் தெரிந்த வானம் ஒரு பென்சில் பருமன். படகுத்துறைப் பலகையில் ஓங்கி அடித்தேன். உடைந்த கைமுறுக்கு மாதிரி வளையம் வளையமாக வெள்ளைத் துண்டுகள் கொட்டின. கடல் நீரும் சிறுநீரும் சேர்ந்தால் கல்லாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் இரண்டு பம்புக்கு ரசீது எழுதியிருக்கிறேன். படகுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, துண்டுகளைப் படம் எடுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன்: ஹோஸைக் கழற்றிவிட்டு, வாளியில் விட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் முனகினால்தான் மின்சாரத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் எஞ்சினியர்:
உங்களுக்கு ஒரே கழிவறை. கப்பலில் வெற்றிடக் குழாய் முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் உறிஞ்சிவிடும், அருமையான ஏற்பாடுதான். ஆனால் எவனோ ஒருவன் ஈரத்துடைப்பானைப் போட்டால் தளம் முழுவதும் நின்றுவிடும். வங்கக் கடலில் ஓர் இரவு முழுக்க, குழாயின் எந்த முழங்கை வளைவில் அடைப்பு என்று நான் தேடினேன். கிடைத்தது துடைப்பான் இல்லை, ஒரு காலுறை. யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இதற்கே அலுத்துக்கொள்கிறீர்கள். 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக்கு அருகே யூ-1206 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி, கேப்டன் கழிவறைக்குப் போய்த் தண்ணீர் விடத் தெரியாமல் விட்டதால் மூழ்கியது.

ஓய்வுபெற்ற மின்பணியாளன்:
தம்பி, எல்லோரும் சொல்லும் கதை அது. அந்தக் கேப்டன் கார்ல்-அடால்ஃப் ஷ்லிட் தாமே சொன்னது வேறு: அந்த நேரத்தில் அவர் எஞ்சின் அறையில் டீசல் எஞ்சின் பழுதைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பக்கத்தில் கழிவறை வழியாக நீர் ஏறியது. கடல் நீர் பேட்டரிகளில் பட்டுக் குளோரின் வாயு கிளம்ப, மேலே வர வேண்டியதாயிற்று. மேலே வந்ததும் விமானம் தாக்கியது. சொல்வதானால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

என் அனுபவம் சிறியது. சிங்கப்பூரில் நண்பருடைய பழைய படகு. கழிவறை வேலைக்கு முன் கடல்வாய் வால்வை, அதாவது படகின் உடலில் கடல் நீர் போக வர இருக்கும் துளையை அடைக்கும் வால்வை, மூடப் போனேன். பித்தளை வால்வு. திருகியதும் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் பொன்னிறமாக இல்லை, ஈறு போல இளஞ்சிவப்பு. துத்தநாகம் கரைந்து போய் வெறும் செம்புக் கூடு நின்றிருந்தது. தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத மாட்டேன்.

கேட்காவிட்டாலும் சில சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு கடல்வாய் வால்வுக்குப் பக்கத்திலும் மென்மரக் கட்டையில் ஓர் ஆப்பு கட்டித் தொங்கவிடுங்கள், வால்வு முறிந்தால் துளையை அடைக்க. இழுப்பறையில் வைத்தால் இருட்டில் கிடைக்காது. பீங்கானின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஹோஸ் நீர்மட்டத்துக்கு மேல் வளைந்து இறங்க வேண்டும். படகு சாய்ந்து ஓடும்போதும் அந்த வளைவு மேலேதான் இருக்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு இருக்கும். உப்புக் கட்டி அது அடைத்துக்கொண்டால், கேனிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவது போலக் கடல் தானாக உள்ளே இறங்கும். அப்படியே மூழ்கிய படகுகள் உண்டு. மாதம் ஒரு முறை கழற்றி வெந்நீரில் கழுவுங்கள்.

சுண்ணாம்புக்கு வினிகர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிடலாம். முற்றிவிட்டால் இன்னும் வலுவான அமிலம்தான் கேட்கும். ஆனால் பிளீச்சிங் ஊற்றிய குழாயில் வினிகரோ அமிலமோ ஊற்றாதீர்கள். அந்த நீர்மூழ்கியில் கிளம்பிய அதே குளோரின் உங்கள் மூக்குக்கு நேரே கிளம்பும். பிளீச்சிங் ரப்பர் வால்வுகளையும் கெடுக்கும். பல் இடுக்கில் விடும் நூலைக் கழிவறையில் போடாதீர்கள், அரைக்கும் கத்தி அதை அறுக்காது, தண்டில் சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தைத் தின்றுவிடும். சீல் போனால் நீர் மோட்டாருக்குள். ஒரு வாரம் கழித்துப் படகுக்கு வந்து முதல் முறை அழுத்தும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கிறதா? கழிவை நோகாதீர்கள். உள்ளே வரும் ஹோஸில் தேங்கிய கடல் நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகியதன் வாடை அது. கிளம்பும்போது கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் வராது. வேலை தொடங்குமுன் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்பவர்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருகோணமலை எஞ்சின் வேலை:
ஐயா, நாங்கள் மலசலகூடம் என்போம், நீங்கள் கழிவறை என்கிறீர்கள், நாற்றம் ஒன்றுதான். நான் வள்ளங்களின் எஞ்சின் பார்ப்பவன். பெப்ரவரியில் தாய்லாந்துப் பக்கமிருந்து வரும் பாய்மரப் படகுகள் எங்கள் துறைமுகத்தில் தங்கும். ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் என்னைக் கூப்பிட்டார்கள். தள்ளிய கழிவு ஐந்து நிமிடத்தில் பீங்கானுக்குத் திரும்பி வருகிறது. பார்த்தால் ஜோக்கர் வால்வு. வாத்தின் அலகு போல் வாய் மூடி நிற்க வேண்டிய ரப்பர், விறைத்துப் போய் ஆவென்று திறந்திருந்தது. மாற்று வால்வு அவர்களிடம் இல்லை, இந்த ஊரில் யாரிடமும் இல்லை. இரண்டு நாளில் மாலைதீவுக்குக் கிளம்புகிறார்கள்.

மோட்டர் சைக்கிள் ரியூப்பை வட்டமாக இரண்டு வெட்டினேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் பிளேடால் ஒரே கோடு. முதல் வெட்டு நீளமாகி ஒழுகியது. இரண்டாவதைச் சிறுவிரல் அகலத்துக்கு வெட்டிப் பொருத்தி, ஒரு வாளி தண்ணீர் தள்ளிவிட்டு மூன்று பேரும் பீங்கானைச் சுற்றி நின்று பார்த்தோம். அந்த அம்மா மணிக்கூட்டைப் பிடித்திருந்தா. பத்து நிமிடம். ஒரு சொட்டும் திரும்பவில்லை. அவவின் கணவர் கை தட்டினார், அவ்வளவு பெரிய மனிதர்.

காசு வாங்கவில்லை, ஒரு பிஸ்கட் டின் தந்தார்கள். அந்த ரியூப் எத்தனை நாள் தாங்கியது என்று எனக்குத் தெரிய வேண்டும். நடுக்கடலில் கழன்றிருந்தால் என்னைத்தானே திட்டியிருப்பார்கள்.

சோலண்ட் பாய்மரம்:
மின்பணியாளர் ஐயா, நன்றி, ஆனால் எனக்கு வளைவும் இருக்கிறது, ஆப்பும் இருக்கிறது. லங்காவித் தம்பி, வாளியில் விட்டும் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் முனகியது. அதனால்தான் மோட்டார் என்று இன்னும் உறுதியானேன். திருகோணமலை அண்ணா, இரண்டு அடுக்கு ரியூப் என்கிறீர்களே, கோடுகள் ஒரே திசையிலா, குறுக்காகவா?

திருகோணமலை எஞ்சின் வேலை:
ஒரே திசை. குறுக்காக வைத்தால் திறக்காது.

லங்காவிப் பணிமனை:
அண்ணா, அந்தப் பழைய மோட்டார் எங்கே? அது நன்றாகத்தானே இருந்திருக்கும்?

சோலண்ட் பாய்மரம்:
படகுத்துறைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பியை மாற்றிய மறுநாள் எடுக்கப் போனேன். இல்லை.