ஹைபிரிட் மினிவேனில் த்ராட்டில் சென்சார் கோளாறு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மழைத்துளி

பி2135 கோட் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: இன்ஜினுக்குள் காற்றை விடும் தட்டுதான் த்ராட்டில், அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகாதபோது வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண் இது. எங்களுடையது ப்ளக்-இன் வேன் (ப்ளக்கில் சார்ஜ் போடும் ஹைபிரிட், பேட்டரியும் உண்டு, இன்ஜினும் உண்டு), ஆறு வருடப் பழசு. "ஹைவேயில ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று மனைவி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. நான் போவது கடைக்கும் ரயில் நிலையத்துக்கும். அந்தத் தூரத்துக்கு பேட்டரியே போதும், இன்ஜினுக்கு வேலையே வராது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் ஏறும் இடத்தில் நானே மாட்டினேன். பின் சீட்டில் பிள்ளைகள். மிதித்தேன், இன்ஜின் ஓட ஆரம்பித்தது, ஒரு உதறல், டாஷ்போர்டில் மின்னல் படம் போட்ட சிவப்பு விளக்கு. அப்புறம் பெடலைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் பதினெட்டுச் சக்கர ட்ரக் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த ஹாரன் இன்னும் காதில் கேட்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடியையே, அதாவது தட்டும் அதன் மோட்டாரும் சென்சார்களும் சேர்ந்த பாகத்தையே, மாற்றினார்கள். மூன்றாவது வாரம் அதே கோட். சரி என்று நானே உட்கார்ந்தேன். இக்னிஷன் மட்டும் போட்டு, கனெக்டரின் பின்பக்கம் மெல்லிய ஊசி செருகி, மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்தேன். எங்கள் வண்டியில் ஒரு சென்சார் ஏற ஏற மற்றது இறங்கும். இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். வந்தது. வயர்க்கொத்தை லேசாக ஆட்டினேன். இரண்டாவது சென்சார் ஒரு வோல்ட் விழுந்து, கண் சிமிட்டுவதற்குள் திரும்பிவிட்டது. கனெக்டருக்குள் ஒரு பின்னின் பிடி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். சரிசெய்து எட்டு மாதம் ஆகிறது. அவள் சொன்ன அன்றே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹைவேக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

தென்றல்77

மினசோட்டா, ஜனவரி. ஹீட்டருக்காக இன்ஜின் அடிக்கடி ஓடும், அதனால் எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. மெக்கானிக் காற்றுக்குழாயைக் கழற்றி, இக்னிஷன் போட்டு, என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். "தட்டு அசையல பாருங்க, உள்ள மோட்டார் போச்சு" என்றார். இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன், உண்மையாகவே அசையவில்லை. நம்பிப் பணம் கொடுத்தேன். கோட் போகவில்லை.

கடைசியில் வேறொருவர் இன்ஜின் மேல்மூடியைத் தூக்கினார். உள்ளே கொட்டை ஓடுகள், கொஞ்சம் பஞ்சு, நடுவில் இரண்டு வயர்கள் தோலுரிந்து செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. எலி.

பழைய ஸ்பானர்

தென்றல், அந்த மெக்கானிக் செய்தது சோதனையே இல்லை. சாதாரண வண்டியில் மிதித்தால் தட்டு திறக்கும். பல ஹைபிரிட்களில் பெடல் பேசுவது ஹைபிரிட் கம்ப்யூட்டரிடம். மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும், இன்ஜின் எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதுதான் பிரிக்கும். இன்ஜின் சுற்றாதபோது தட்டு ஏன் அசைய வேண்டும்? எனக்கும் ஒரு வண்டியில் இப்படி ஆனது, கனெக்டரில் பச்சை பூத்திருந்தது, துடைத்ததும் சரியாயிற்று.

இனி பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் 12 வோல்ட் பேட்டரி. இந்த மாதிரி ஹைபிரிட்டில் சாதாரண வண்டிபோல பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர் வழியாகத்தான் இது சார்ஜ் ஆகும். இது சோர்ந்தால் சம்பந்தமில்லாத கோட் எல்லாம் வரும். அப்புறம், கோட் விழுந்த நொடியில் இன்ஜின் ஓடியதா, வேகம் என்ன என்று பதிந்திருக்கும், அதை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். கோட் படிக்கும் விலை குறைந்த ஸ்கேனரின் வரைபடத்தை நம்பாதீர்கள், நொடிக்குச் சில தடவைதான் அது படிக்கும், ஒரு கண வீழ்ச்சி தப்பிவிடும். மல்டிமீட்டரில், மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் பிடித்துவைக்கும் 'Min-Max' வைத்து வயரை ஆட்டுங்கள். 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் சரியா என்று பார்க்காமல் சென்சார் வாங்காதீர்கள். தட்டைத் துடைக்கும்போது வண்டி 'ரெடி'யில், அதாவது கிளம்பத் தயாரான நிலையில், இருக்கவே கூடாது, சாவி தூரத்தில் இருக்கட்டும். இன்ஜின் தானே ஓட ஆரம்பிக்கும், தட்டு விரலை நசுக்கும். ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கையே போகக் கூடாது, அது உயர் மின்னழுத்தக் கேபிள். அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னொன்று பாருங்கள்: இன்ஜின் கம்ப்யூட்டருக்கு மத்திய அரசின் புகை விதிப்படி 8 வருடம் அல்லது 80,000 மைல் உத்தரவாதம் உண்டு. கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று சொன்னால் கைக்காசு போடாதீர்கள்.

கொடிமுல்லை

ஸ்பானர் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பேட்டரியிலிருந்து ஆரம்பித்துத்தான் எனக்கு ஒரு மாதம் போனது. கோட்டின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படிப்பதுதான் முதல் வேலை. எனக்கு வந்தது பி2138. அதன் முழுப் பெயரிலும் 'த்ராட்டில்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது காலடியில் இருக்கும் பெடலின் இரண்டு சென்சார்கள் ஒத்துப்போகாததைச் சொல்லும் கோட். 2135தான் மேலே தட்டில் இருப்பது. பேட்டரி புதிது, த்ராட்டில் பாடி புதிது, பள்ளி வாசலில் வண்டி நின்றது நின்றதுதான். பின்னால் வரிசையாகக் கார்கள், மகள் கையில் புத்தகப்பையோடு இறங்கலாமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே பையிலிருந்து பழைய பில்லை எடுத்துப் படித்தேன். முதல் நாளே 2138 என்று அச்சடித்திருந்தது. அடுத்த வரியில் 'த்ராட்டில் பாடி மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். பெடலை மாற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை.