எம்.எஸ். ஃபிரேமில் அலுமினியச் செக்கர் பிளேட்: டிக் வெல்டிங் பிடிக்குமா?

நாகை_ஃபேப்:
மீன் பெட்டி ஏற்றும் மினி லாரிக்குத் திறந்த பாடி. ஃபிரேம் 50×50×3 எம்.எஸ். (சாதா இரும்பு) சதுர ட்யூப், மேலே 3 மி.மீ. 5052 ரக அலுமினியச் செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு வைத்த தகடு) தரை, நீளம் 3 மீட்டர். போல்ட் ஆடி ஆடிக் கழன்றுவிடும், வெல்டிங்கே அடித்துவிடுங்கள் என்கிறார் வண்டிக்காரர். கையில் 200 ஆம்ப் ஏசி/டிசி டிக் (ஆர்கான் வெல்டிங்) மெஷின், 4043 ரக அலுமினிய நிரப்புக் கம்பி. வெட்டுத் துண்டில் போட்டால் பீட் (வெல்டிங் கோடு) இரும்பின் மேல் அழகாகப் பரவுகிறது. ஆறியதும் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே பட்டையாகக் கழன்று வருகிறது. ஆம்ப் கூட்டணுமா, கம்பி மாற்றணுமா, இல்லை இந்த இரண்டும் சேரவே சேராதா?

உருகுநிலை:
ஆம்ப் கூட்டினால் இன்னும் சீக்கிரம் கழலும் சார். கழன்ற பீட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அலுமினியம் கிழிந்த தடமே இருக்காது. சாம்பல் நிறத்தில், உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி வழுவழு என்று இருக்கும். அந்த முகம்தான் காரணம்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், இரும்பு உருக 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய அலுமினியம் சூடான இரும்பைத் தொட்ட இடத்தில் இரண்டும் கலந்து, இரும்பும் இல்லாத அலுமினியமும் இல்லாத ஒரு புதுச் சேர்மம் படலமாக வளர்கிறது. கடினம் அதிகம், வளைந்து கொடுக்கும் தன்மை துளியும் இல்லை. படலம் சுமார் 10 மைக்ரானுக்குள் நின்றால் இணைப்பு ஓரளவு தாங்கும். கையால் அடிக்கும் டிக்கில் அதைத் தாண்ட நேரமே ஆகாது. சூடு கூடினாலும், உருகிய குளம் அதிக நேரம் நின்றாலும் படலம் தடிக்கும். பிறகு ஆறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குகிறது. அந்த இழுப்பிலேயே படலம் விரிசல் விட்டுவிடும். உங்கள் சுத்தியல் மிச்ச வேலையைத்தான் செய்தது.

4047 கம்பியில் சிலிக்கான் அதிகம் என்பதால் படலம் வளர்வது கொஞ்சம் குறையும். மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட்டில், குறைந்த சூட்டு மிக் மெஷினில் (கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங்), இரும்பை உருக்காமல் பிரேசிங் மாதிரி அலுமினியத்தை ஓடவிடும் முறையும் உண்டு. ஆனால் அது மெஷினே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஆலை வேலை. 3 மி.மீ. ட்யூபில், குலுங்கும் வண்டித் தரைக்கு அதை நம்பாதீர்கள்.

பாடிபில்டர்_கரூர்:
மேலே சொன்னது சரி. ஒருவேளை வெல்டிங் பிடித்திருந்தாலும் மீன் வண்டியில் அது தப்பு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் எந்நேரமும் ஓடும் தரை. அலுமினியமும் எம்.எஸ்.ஸும் உலோகத்தோடு உலோகம் தொட்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை மாவாகப் பூத்து, உப்பிப் பிளேட்டையே தூக்கிவிடும். அதனால் எதை வைத்து இணைப்பது என்பதற்கு முன்னால், எதை வைத்துப் பிரிப்பது என்று பாருங்கள்.

செய்முறை இது. ஃபிரேமில் எல்லாத் துளையையும் முதலில் போட்டு, பிசிறு எடுத்துவிடுங்கள். பிறகுதான் பெயின்ட், அப்போதுதான் துளையின் உள்சுவரிலும் பிரைமர் ஏறும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட். ட்யூபின் திறந்த வாய்களை மூடி அடைத்துவிடுங்கள். பிளேட்டின் அடிப்பக்கத்தில் ஃபிரேம் படும் இடங்களிலும் பிரைமர் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் 2 மி.மீ. கெட்டி இ.பி.டி.எம். (வெயில், தண்ணீர் தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டை. ஸ்பான்ஞ் பட்டை கூடாது: அது அமுங்கிக்கொண்டே போகும், போல்ட் தளரும். வண்டிக்காரர் பயப்படுகிற கழல்தல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போல்ட் எம்8, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, நைலாக் (உள்ளே நைலான் வளையம் வைத்த, தளராத) நட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் காலர் வைத்த நைலான் புஷ் (போல்ட் பிளேட்டைத் தொடாமல் காக்கும் உறை). வெளிவிட்டம் 10 மி.மீ. என்றால் பிளேட்டில் துளை 10.5. ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 250. பிளேட் விளிம்பிலிருந்து துளை மையம் 20 மி.மீ. உள்ளே இருக்கட்டும். எஸ்.எஸ். போல்ட்டில் நைலாக்கை ஏர் கன்னால் அடித்தால் மரை கடித்துப் பூட்டிக்கொள்ளும். ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவிக் கையால் இறுக்குங்கள், ரப்பர் பிதுங்கும் முன் நிறுத்துங்கள்.

சீலன்ட்_சிவா:
கரூர் அண்ணன் சொன்னதில் இரண்டு இடம் மட்டும் மாற்றுவேன். 3 மீட்டர் தரை. ஐஸ் ஏற்றும்போதும் வெயிலில் காலியாக நிற்கும்போதும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், அலுமினியம் இரும்பைவிடச் சுமார் 1.3 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. எல்லாப் போல்ட்டும் கச்சிதத் துளையில் இருந்தால் அந்த நீளல் புஷ்ஷைத்தான் அரைக்கும். நடு வரிசையை மட்டும் கச்சிதமாக வைத்து, முன்னும் பின்னும் நீளவாக்கில் ஸ்லாட் (நீள்துளை) போடுங்கள்.

ரப்பருக்குப் பதில் நான் சொல்வது வண்டி பாடிக்கான பி.யு. (பாலியூரித்தேன்) ஒட்டு சீலன்ட். ஒட்டும், அடைக்கும், பிரிக்கும். முக்கோணமாக வெட்டிய நாசிலில் 10 மி.மீ. உயரக் கோடு, நடுநடுவே 3 மி.மீ. ரப்பர் துண்டு ஸ்பேசர், பிளேட்டை அமுக்கினால் 3 மி.மீ. கனம் நிற்கும். அந்தக் கனம் இருந்தால்தான் நீளலைத் தாங்கும். முழுக்க நசுக்கினால் பயனில்லை. தண்ணீர் தேங்க இடுக்கு விடாமல் கோடு தொடர்ந்து போகட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் முழுசாக உலரவிட்டு ஒட்டுங்கள். ஈரமான சீலன்ட்டை ஆல்கஹால் தொட்டு வழித்தால் அது கெட்டியாகவே ஆகாது. ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம்தான் காயும். அவசரப்பட்டு வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

ரிவெட் யோசித்தால் ஓர் எச்சரிக்கை. சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டின் உள்ளே இரும்பு ஆணி மாட்டிக்கொண்டு நிற்கும், உப்பில் அது முதலில் துருப்பிடிக்கும். முழு எஸ்.எஸ்., வாய் மூடிய வகை எடுங்கள். கிரிப் (ரிவெட் பிடிக்க வேண்டிய மொத்தக் கனம்) கணக்கு பிளேட் 3 + சீலன்ட் 3 + ட்யூப் சுவர் 3, அதாவது 9 மி.மீ.; பெட்டியில் போட்டிருக்கும் கிரிப் அளவுக்குள் அது வர வேண்டும்.

நாகை_ஃபேப்:
நன்றி. ஒரே சந்தேகம். கப்பலில் இரும்பு டெக் மேல் அலுமினிய கேபின் வெல்டிங்கில்தானே நிற்கிறது? அது எப்படி?

உருகுநிலை:
அங்கேயும் இரண்டையும் நேரடியாக வெல்டிங் செய்வதில்லை. நடுவில் ஒரு பட்டை வரும்: கீழ் அடுக்கு இரும்பு, நடுவில் தூய அலுமினியம், மேலே கப்பல் தர அலுமினியம். மூன்றையும் வெடிமருந்து அதிர்ச்சியால் மோதவிட்டு ஒட்டுகிறார்கள். உருகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் அந்த நொறுங்கும் படலம் பெரிதாக வளர்வதில்லை. பட்டையின் இரும்பு டெக்கோடும், அலுமினியம் கேபினோடும் தனித்தனியே வெல்டிங் ஆகும். பட்டை அகலம் அலுமினியத் தகட்டின் கனத்தைப் போல நான்கு மடங்கு. அலுமினியப் பக்கத்தை முதலில் அடிப்பார்கள். அந்தத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால், இரும்புப் பக்கம் அடிக்கும்போது ஒட்டு முகம் 300 டிகிரியைத் தாண்டாமல் காக்கலாம். ஒட்டுக் கோட்டின் மேல் வெல்டிங் ஏறவே கூடாது, கேஸ் கட்டரும் கூடாது. விலையும் அளவும் மினி லாரிக்கு ஒத்துவராது.

2013 ஹோண்டா அக்கார்டின் முன் சப்ஃபிரேமில் அலுமினியத்தையும் இரும்பையும் சுழல் உராய்வு முறையில் இணைத்தார்கள். அதுவும் உருக்காமல் சேர்ப்பதுதான்.

பாடிபில்டர்_கரூர்:
உங்கள் டிக் மெஷினுக்கு இந்த வண்டியிலேயே வேலை இருக்கிறது. தரையையும் 150 மி.மீ. ஓரத் தகட்டையும் அலுமினியத்தோடு அலுமினியமாக வெல்டிங் செய்து ஒரே தட்டாக ஆக்குங்கள். 5052க்கு 4043 வேண்டாம், 5356 கம்பி 2.4 மி.மீ.; ஏசி, 110–130 ஆம்ப், ஆர்கான் நிமிடத்துக்கு 8–10 லிட்டர். எஸ்.எஸ். பிரஷ் அலுமினியத்துக்கென்றே தனியாக இருக்கட்டும். இரும்பு தேய்த்த பிரஷ் ஆகாது. மூலைகளில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்துவிட்டு, கடைசியில் தட்டை ஃபிரேமில் இறக்கி சீலன்ட், போல்ட். இறக்கிய பிறகு டார்ச்சை அருகே கொண்டுபோனால் ரப்பரும் பி.யு.வும் கருகிவிடும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். வடிகால் துளையைத் தட்டின் பின்மூலையில், ஃபிரேம் ட்யூப் இல்லாத இடத்தில் போட்டு, தண்ணீர் ட்யூபின் மேல் வழியாமல் கீழே விழ ஒரு துண்டு அலுமினியக் குழாயை அங்கேயே டிக்கில் வைத்துவிடுங்கள்.