கீசர் ரிப்பேருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்:

கார்த்திகை பிறந்தால்தான் எங்கள் வீட்டில் கீசர் சுவிட்சைத் தேடுவோம். மற்ற மாதங்களில் வேலூர் வெயிலே மாடித் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துவிடும், கரண்ட் பில்லும் கிடையாது. இந்த வருடம் சுவிட்சைப் போட்டதும் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் டப்பென்று விழுந்தது. 15 லிட்டர் கீசர், ஆறு வருடப் பழசு.

முதலில் வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டேங்க் அவுட்டு சார், புதுசு போட்டுடுங்க, எக்ஸ்சேஞ்சுல நானே வாங்கித் தரேன், 8,500 ஆகும்" என்றார். வந்து பார்த்ததற்கு 350 ரூபாய். டேங்க் ஓட்டை என்றால் எங்காவது ஒரு சொட்டு ஈரமாவது இருக்க வேண்டாமா என்று என் மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் கொசப்பேட்டையிலிருந்து தெரிந்த மெக்கானிக் வந்தார். கீழ்த்தட்டைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் ராடை வெளியே இழுத்தால், கம்பியே தெரியாத அளவுக்கு வெள்ளையாக உப்பு. ஒரு இடத்தில் வெடித்தும் இருந்தது. "தண்ணி அப்படி கீது சார், ராடு என்னா பண்ணும்?" என்றார். ராடு 850, கேஸ்கெட் 80, கூலி 400. டேங்க் அடியில் கிடந்த உப்புக் கட்டிகளையும் அள்ளிப் போட்டுவிட்டார். மொத்தம் 1,330.

8,500 எங்கே, 1,330 எங்கே? உங்கள் ஊரில் என்ன வாங்குகிறார்கள்? எழுதுங்கள்.

ஆற்காடு எலெக்ட்ரீஷியன்:

எங்கள் தொழிலிலும் எல்லா ரகமும் உண்டு சார், மறுக்கவில்லை. ஆனால் ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே கொஞ்சம் பார்த்து வைத்தால் பாதிப் பேச்சு குறையும்.

கீசர் லைட் எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை என்றால் பெரும்பாலும் ராடுதான். லைட்டே எரியவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் என்றால் 3,000 வாட்ஸ், 13 ஆம்பியர். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டி உருகிப் போனதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன். பிளக் சரி என்றால் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட், இல்லாவிட்டால் கட்அவுட். கட்அவுட்டில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அதிகமாகச் சூடானால் அது குதித்துக்கொள்ளும். அதை அழுத்திவிட்டு "போர்டு ரிப்பேர் பண்ணேன்" என்று 700, 800 வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காக நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். கரண்டும் தண்ணீரும் சேர்ந்த இடம் அது. என்ன செய்தார் என்று நின்று பார்த்தால் போதும்.

அப்புறம், சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் சூட்டில் விரியும், அந்த உபரி வெளியே வந்தாக வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் நிற்காமல் ஒழுகினால்தான் வால்வு மாற்ற வேண்டும். அந்த வால்வை மட்டும் யாராவது அடைத்துவிடுகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது இல்லாத கீசர் வெடிக்கக்கூடியது.

டேங்க் போனதற்கு அடையாளம் வேறு. வெளி மூடியின் அடியிலிருந்து துருக் கலரில் தண்ணீர் கசியும். கிளாஸ் கோட்டிங் டேங்க்கில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட முடியாது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவருக்குக் கொடுக்கும் பணம் வீண். உள் டேங்க்குக்கு மட்டும் பல கம்பெனிகள் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தனி வாரண்டி கொடுக்கிறார்கள், கார்டைத் தேடிப் பாருங்கள். கார்டிலேயே தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் கரைந்த சுண்ணாம்பு உப்பின் அளவைப் பற்றியும் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கடை விலையில் தெர்மோஸ்டாட் 300லிருந்து 500, வால்வு 250லிருந்து 400, ராடு தரத்தைப் பொறுத்து 600லிருந்து 1,200. கூலி 300லிருந்து 500. கம்பெனி ஆள் வந்தால் பொருளும் கூடும், பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். ராடு மாற்றுகிறவரிடம் காப்பரா, இன்கோலாயா (நிக்கல் கலந்த உலோகம்) என்று கேளுங்கள். நம் போர்வெல் தண்ணீருக்கு இன்கோலாய்தான் தாங்கும்.

ராடுக்குப் பக்கத்திலேயே ஆனோடு என்று ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைத் தின்னக் கொடுக்கிறது. அது கரைந்து முடிந்த பிறகு உப்பு நேராக டேங்க் மேல் வேலையைக் காட்டும். ராடு மாற்றும்போதே 200, 300 ரூபாயில் இதையும் மாற்றிவிடலாம். ஆனால் கேட்கிற வாடிக்கையாளர் நூற்றில் ஒருவர் இல்லை, நாங்களாகச் சொன்னாலோ பணம் பிடுங்குகிறான் என்கிறார்கள்!

ஆம்பூர்:

தண்ணீர் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. எங்கள் தெருவில் ஒரு போரில் சோதித்தபோது 600ஐத் தாண்டியது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்த பாலாற்றுக் கரை இது. கீசர் மட்டும் எப்படிப் பிழைக்கும்? இப்போது வருடா வருடம் ஆடியிலேயே ஆளைக் கூப்பிட்டு உப்பு எடுத்துவிடுகிறேன். மார்கழியில் கூப்பிட்டால் அவர் வரும் தேதியும் அவர் கையில், விலையும் அவர் கையில்.

தோட்டப்பாளையம், அறை வாடகைக்கு விடுபவர்:

ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களுக்கு அறை விடுகிறோம். வங்காளம், அசாம் என்று தூரத்திலிருந்து வருபவர்கள். நோயாளி இருக்கும் வீடு என்பதால் வெந்நீர் ஓயாது, கோடையிலும் கீசர் ஓடும். எங்களுக்கு ரிப்பேர் என்பது மாதச் செலவு மாதிரி. அதனால் மெக்கானிக்கிடம் ஒரே விதி: கழற்றிய பழைய பொருள் எங்கள் கையில் வர வேண்டும். அந்த ஒரு வார்த்தையிலேயே பில் தானாக இறங்கியது.

கரண்ட் கணக்கும் சொல்கிறேன். 2,000 வாட்ஸ் கீசர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். உப்புப் படிந்த ராடு அதே வாளித் தண்ணீருக்கு இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும். இரண்டு மாத ரீடிங் 500ஐத் தாண்டினால் மின்வாரியக் கணக்கே மாறிவிடுகிறது, அப்போது ரிப்பேரைத் தள்ளிப்போட்டதற்கும் சேர்த்துக் கட்டுகிறோம்.

எல்லா அறைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டோம். கரண்ட் கசிந்தால் உடனே கட் ஆகும். அடிக்கடி விழுகிறது என்று ஒரு பையன் அதையே தூக்கிவிடலாம் என்றான், அன்றோடு அவனைக் கூப்பிடுவதில்லை.

குடியாத்தம்:

சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறேன். அதில் செலவே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: கண்ணாடிக் குழாய்க்குள்ளும் உப்பு படியும், குரங்கு குதித்தால் குழாயும் உடையும். குழாய் மலிவுதான், மாடி ஏறி மாட்டுகிற கூலிதான் வலிக்கும். மழை மூட்டத்துக்கு பேக்அப் ராடு வேறு. மற்றபடி குறை இல்லை.

ராணிப்பேட்டை:

என் மாமனார் இணையத்தில் கம்பெனி பெயரைப் போட்டு சர்வீஸ் நம்பர் தேடினார். முதலில் வந்த நம்பருக்குப் பேசினால், சட்டையில் அதே கம்பெனி முத்திரையோடு ஆள் வந்தார். தெர்மோஸ்டாட்டுக்கு 1,900, விசிட்டுக்கு 500, பில் வெறும் வெள்ளைத் தாளில். பிறகு வாரண்டி கார்டில் இருந்த நம்பரில் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் அனுப்பவில்லை என்கிறார்கள். கார்டில் இருக்கும் நம்பர்தான் நம்பர். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம், ஆனால் பில்லில் முகவரியே இல்லாததால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

காட்பாடி, வாடகைக்கு இருப்பவர்:

வீட்டோடு வந்த கீசர். ராடு போய்விட்டது. ஓனர் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். யார் கொடுப்பது?

தோட்டப்பாளையம், அறை வாடகைக்கு விடுபவர்:

அக்ரிமென்டில் எழுதியிருந்தால் அதுதான். எழுதவில்லை என்றால் பேசித்தான் தீர்க்க வேண்டும். நான் ஓனராகவே சொல்கிறேன், ராடும் டேங்க்கும் ஓனர் செலவு, பிளக்கும் வால்வும் குடியிருப்பவர் செலவு என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்:

எலெக்ட்ரீஷியன் சார், இன்னொன்று. மாடி வீட்டில் அப்பா காலத்து கீசர் ஒன்று கிடக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்கு 500 தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

ஆற்காடு எலெக்ட்ரீஷியன்:

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து கீசர் பலவற்றில் உள் டேங்க் காப்பர். மூடியைக் கழற்றி ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், சிவப்பாக மின்னினால் நேராகப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போய் எடை போடச் சொல்லுங்கள். காப்பர் விலை தெரிந்ததால்தான் கடைக்காரர் 500 தருகிறார்.