கீமோ வேலை செய்கிறதா என்று ஒளியை வைத்துப் பார்க்க முடியுமா?

அக்காவின்தம்பி:
அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு முன்பே கீமோ ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த எம்ஆர்ஐ பாதிச் சிகிச்சையில்தானாம். மருந்து கேட்கிறதா என்று அதுவரை தெரியாதா? ஒளியால் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறதாமே?

ஆய்வகத்துஆள்:
இருக்கிறது. அந்தக் கருவிகளோடுதான் என் வேலை. சுமார் 650 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை, அதாவது சிவப்பும் அதை அடுத்த அகச்சிவப்பும், மார்பில் செலுத்தி, சிதறி வெளியே வருவதை அளப்போம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், நீர், கொழுப்பு ஒவ்வொன்றும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும். கட்டியில் பொதுவாக ரத்தமும் நீரும் அதிகம், கொழுப்பு குறைவு. மருந்து கேட்டால் முதல் இரண்டும் இறங்கும். கட்டி சுருங்குவது தெரியும் முன்பே இறங்கலாம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 2011-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றில், முதல் கீமோவுக்கு மறுநாளே, மருந்து கேட்ட கட்டிகளில் ஆக்சிஹீமோகுளோபின் (ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின்) சட்டென ஏறியிருந்தது. இறங்கும் என்று நினைக்கிற இடத்தில் ஏற்றம்!

கதிர்வீச்சு கிடையாது, ஊசியும் தேவையில்லை. ஆனால் படம் மங்கல்தான். ஆழத்தில் இருக்கும் கட்டி என்றால் பாடுதான்.

அக்காவின்தம்பி:
அப்போ டாக்டரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

வார்டுநர்ஸ்:
கேட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் இது பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. இதை மட்டும் வைத்து மருந்தை மாற்ற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கையால் பரிசோதிப்பார்கள், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். கட்டி பெரிதாவது போலத் தோன்றினால் எம்ஆர்ஐ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.