வீட் பில்ட்டில் இம்போர்ட் வரிகளை எந்த அளவுக்குத் தானாக வரவைக்கலாம்?

கேள்வி

வெப்பேக் என்ற பில்ட் கருவியில் ஓடிய வியூ 3 (ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்) புராஜெக்ட் ஒன்றை, இன்னொரு பில்ட் கருவியான வீட் (Vite) பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். பேஜஸ் ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலையும் ரெக்வயர்.கான்டெக்ஸ்ட் மூலம் அள்ளி ரவுட்டரில் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் பகுதி) சேர்ப்பது பழைய முறை. இப்போது பிரவுசர் 'ரெக்வயர் இஸ் நாட் டிஃபைன்ட்' என்கிறது. இம்போர்ட்.மெட்டா.குளோப் போட்டு, ஈகர் ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் பக்கங்கள் வருகின்றன, ஆனால் முதல் பண்டில் (பிரவுசர் ஆரம்பத்தில் இறக்கும் தொகுத்த ஃபைல்) பெருத்துவிட்டது. ஃபோல்டர் பெயரை வேரியபிளாகக் கொடுத்தால் பில்ட்டே உடைகிறது.

வியூ தரும் ரெஃப், கம்ப்யூட்டட் போன்றவற்றுக்காக, இம்போர்ட் வரியைத் தானாகச் சேர்க்கும் அன்பிளகின்-ஆட்டோ-இம்போர்ட் பிளகினும் சேர்த்தோம். லேப்டாப்பில் ஓடுகிறது. சிஐ-யில் (கோடைத் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் சர்வரில்) மட்டும் டைப் செக் 'கேனாட் ஃபைண்ட் நேம் ரெஃப்' என்று விழுகிறது. எதைத் தானாக விடலாம், எதைக் கையால் எழுத வேண்டும்?

பதில் 1

ரெக்வயர்.கான்டெக்ஸ்ட் வெப்பேக் கம்பைல் நேரத்தில் மாற்றி எழுதும் ஒன்று. பிரவுசருக்கு அது தெரியாது, அதனால்தான் அந்தப் பிழை.

இம்போர்ட்.மெட்டா.குளோப்பும் ரன்டைமில் ஓடுவதில்லை. வீட் உங்கள் ஃபைலின் எழுத்தைப் படித்து, பேட்டர்னுக்குப் பொருந்தும் ஃபைல்களின் பட்டியலை அந்த இடத்தில் எழுதிவிடுகிறது. வேரியபிளின் மதிப்பு அந்த நேரத்தில் அதற்குத் தெரிய வழியில்லை. ஆகவே பேட்டர்ன் நேரடி ஸ்ட்ரிங்காகத்தான் இருக்க வேண்டும். தேர்வு வேண்டுமென்றால் பேட்டர்னை அகலமாக வைத்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட்டிலிருந்து கீ மூலம் எடுங்கள். கீயின் வடிவத்தைக் கவனியுங்கள்: பேட்டர்ன் './பேஜஸ்/' என்று தொடங்கினால் கீயும் அப்படியே வரும், '/' என்று தொடங்கினால் புராஜெக்ட் ரூட்டிலிருந்து '/எஸ்ஆர்சி/பேஜஸ்/' என்று வரும். இது பொருந்தாவிட்டால் பிழை ஏதும் காட்டாது, அன்டிஃபைன்ட் மட்டும் கிடைக்கும்.

பண்டில் பெருத்ததற்குக் காரணம் ஈகர்தான். அது எல்லாவற்றையும் சாதாரண ஸ்டாட்டிக் இம்போர்ட்டாக மாற்றுகிறது. அதை நீக்கினால் ஒவ்வொரு கீக்கும் ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். அதை அழைக்காமல், அப்படியே ரவுட்டின் காம்பொனென்ட் இடத்தில் கொடுங்கள். வியூ ரவுட்டர் அந்தப் பக்கத்துக்குப் போகும்போதுதான் அதை அழைக்கும். லூப்புக்குள் அவெய்ட் போட்டு அழைத்துவிட்டால், பண்டில் பிரிந்திருந்தாலும் எல்லா சங்க்கும் (பிரிந்த துண்டு ஃபைல்களும்) ஆரம்பத்திலேயே இறங்கிவிடும். அடிக்கடி நடப்பது இதுதான்.

பக்கத் தலைப்பு, அனுமதி போன்ற விவரங்கள் முன்கூட்டியே தேவையென்றால், ஒவ்வொரு பக்க ஃபோல்டரிலும் ஒரு சிறிய மெட்டா ஃபைல் வைத்து, அவற்றுக்கு மட்டும் தனி குளோப் எழுதி ஈகர் போடுங்கள். அதில் டெஸ்ட் ஃபைல்கள் புகுந்தால், பேட்டர்னை அர்ரேயாக்கி, ஆச்சரியக்குறியில் தொடங்கும் விலக்கு பேட்டர்ன் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

பதில் 2

சிஐ விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். ரெஃப் என்ற பெயர் எங்கிருந்து வருகிறது என்று டைப்ஸ்கிரிப்டுக்குச் சொல்வது அந்தப் பிளகின் உருவாக்கும் ஆட்டோ-இம்போர்ட்ஸ்.டி.டிஎஸ் ஃபைல். வீட் ஓடினால்தான் அது உருவாகும். லேப்டாப்பில் டெவ் சர்வர் ஏற்கெனவே ஓடியிருப்பதால் ஃபைல் இருக்கிறது. சிஐ-யில் புதிதாக எடுத்த கோடில் டைப் செக் செய்யும் வியூ-டிஎஸ்சி முதலில் ஓடுகிறது, வீட் பில்ட் அதற்குப் பிறகுதான்.

அந்த ஃபைலைக் கிட்டில் கமிட் செய்யுங்கள். கிட்இக்னோரில் அது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். அது இயல்பாக ரூட்டில் எழுதப்படும். உங்கள் டிஎஸ்கான்ஃபிக்கின் இன்க்ளூட் எஸ்ஆர்சி ஃபோல்டரை மட்டும் பார்த்தால், ஃபைல் இருந்தும் பயனில்லை. பிளகினின் டிடிஎஸ் ஆப்ஷனில் எஸ்ஆர்சிக்குள் பாதை கொடுத்துவிடுங்கள். சிஐ-யில் பில்ட் முடிந்ததும் 'கிட் டிஃப் --எக்ஸிட்-கோட்' ஓடவிட்டால், யாராவது பழைய ஃபைலை விட்டுவைத்திருந்தால் அங்கேயே பிடிபடும்.

கோடில் தவறு தேடும் ஈஎஸ்லின்ட்டின் நோ-அன்டெஃப் விதி, அறிவிக்கப்படாத பெயர் என்று கத்தினால்: டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களுக்கு அந்த விதியை அணைத்துவிடலாம், அந்த வேலையைக் கம்பைலரே செய்கிறது. வெறும் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பிளகினின் ஈஎஸ்லின்ட்ஆர்சி ஆப்ஷனை இயக்கி, அது தரும் குளோபல்ஸ் பட்டியலை கான்ஃபிக்கில் சேருங்கள்.

பதில் 3

'எதைத் தானாக விடலாம்' என்பதற்கு என் கருத்து: ஒரு ஃபைல் அந்த ஃபோல்டரில் இருப்பதே அதற்கான பதிவாக இருந்தால் தானாக விடுங்கள். பக்கங்கள், மொழி ஃபைல்கள், ஐகான்கள் எல்லாம் இந்த வகை. ரெஃப், கம்ப்யூட்டட் போல எல்லோரும் அறிந்த பெயர்களையும் விடலாம். உங்கள் சொந்த யூட்டில்ஸ் ஃபோல்டரை, பிளகின் தேடும் ஃபோல்டர்களைக் குறிக்கும் டர்ஸ் ஆப்ஷனில் சேர்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு ஃபைல்களில் ஃபார்மேட்டேட் என்று ஒரே பெயர் வந்தால், பிளகின் ஒன்றை ஒதுக்கிவிட்டு டெர்மினலில் 'டூப்ளிகேட்டட் இம்போர்ட்ஸ்' என்று ஒரு எச்சரிக்கை தரும், பில்ட் நிற்காது. தேதி தவறாக வரும்போது இம்போர்ட் வரியே இல்லாத ஃபைலில் எங்கே தேடுவது?

டெஸ்ட் ஓட்டும் கருவியையும் யோசியுங்கள். விடெஸ்ட் வீட் கான்ஃபிக்கையே எடுத்துக்கொள்வதால் சிக்கலில்லை. ஜெஸ்ட்டில் இந்தப் பிளகின் ஓடாது, ரெஃபரன்ஸ் எரர் வரும். இம்போர்ட்.மெட்டா.குளோப்பும் அங்கே புரியாது.

இன்னொன்று: காம்பொனென்ட்களைத் தானாக இம்போர்ட் செய்யும் அன்பிளகின்-வியூ-காம்பொனென்ட்ஸ் பிளகின், டெம்ப்ளேட்டில் டேக்காக எழுதிய பெயரை மட்டுமே பிடிக்கும். காம்பொனென்ட் டேக்கின் ':இஸ்' இடத்தில் ஸ்ட்ரிங் வேரியபிள் கொடுத்தால் அதற்குத் தெரியாது. அங்கே குளோப் ஆப்ஜெக்ட்டிலிருந்து எடுத்து, டிஃபைன்அசிங்க்காம்பொனென்ட்டில் சுற்றிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஈகர் எடுத்ததும் சங்க்குகள் பிரிந்துவிட்டன, டி.டிஎஸ் ஃபைலைக் கமிட் செய்ததும் சிஐ பச்சை. நன்றி. எஸ்விஜி ஐகான்களை இன்லைனாக வைக்க வேண்டும், அதற்கும் குளோப்தானா?

பதில் 1

ஆமாம். ஆப்ஷனில் க்வெரி '?ரா', இம்போர்ட் 'டிஃபால்ட்', ஈகர் ட்ரூ என்று மூன்றும் கொடுத்தால் எஸ்விஜியின் எழுத்து நேராக ஸ்ட்ரிங்காக வரும். பழைய பதிவுகளில் காணும் 'ஆஸ்' ஆப்ஷன் வீட் 5 முதல் டெப்ரிகேட் ஆகிவிட்டது, க்வெரியையே பயன்படுத்துங்கள். கீ மூலம் எடுப்பதால் எந்த ஐகான் பயன்படவில்லை என்று பில்ட்டால் கண்டுபிடிக்க முடியாது, ட்ரீ-ஷேக்கிங் (பயன்படாததை நீக்குவது) நடக்காது. ஃபோல்டரில் உள்ள அத்தனையும் பண்டிலுக்குள் போகும். எனவே சிறிய ஐகான்களை மட்டும் அந்த ஃபோல்டரில் வையுங்கள். பெரிய படங்களுக்கு க்வெரியை '?யூஆர்எல்' ஆக்கித் தனி ஃபோல்டர் கொடுங்கள்.