ரெடிஸ் உரிம மாற்றம் நியாயமானதா?

இளங்கோ:
2024 மார்ச் 20 அன்று ரெடிஸ் நிறுவனம், தரவுகளைக் கணினி நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ் தரவுத்தளத்தின் 7.4 பதிப்பிலிருந்து, யாரும் தாராளமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் பி.எஸ்.டி. உரிமத்தைக் கைவிட்டு, மென்பொருளைச் சேவையாக விற்பதைக் கட்டுப்படுத்தும் ஆர்.எஸ்.ஏ.எல்., எஸ்.எஸ்.பி.எல். ஆகிய இரண்டில் ஒன்றை ஏற்கச் சொன்னதை நம்பிக்கைத் துரோகமாகவே நான் கருதுகிறேன். 2009-இல் சால்வடோரே சான்ஃபிலிப்போ தொடங்கிய அத்தரவுத்தளத்துக்கு அமேசான், அலிபாபா ஊழியர்கள் உட்பட வெளியார் பலர் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2018-இல் கூடுதல் தொகுதிகளின் உரிமத்தை மாற்றியபோது, மையப் பகுதி என்றும் பி.எஸ்.டி.யிலேயே இருக்கும் என உறுதி கூறியதும் இதே நிறுவனந்தான்.

வளர்மதி:
துரோகம் என்பது கடுமையான சொல், இளங்கோ. தம் நிரலை மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம் என்று அனுமதிக்கும் உரிமத்தின்கீழ்த்தான் அவர்கள் அனைவரும் பங்களித்தார்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் அதே நிரலை வாடகைச் சேவையாக விற்றுப் பொருளீட்டும்போது, அதை வளர்க்கும் நிறுவனம் முழுநேர நிரலாளர்களுக்கு எங்கிருந்து சம்பளம் கொடுக்கும்? தன் செயலிக்குப் பின்னால் ரெடிஸை இயக்கிக்கொள்பவருக்கு எந்தத் தடையும் வரவில்லை.

இளங்கோ:
சட்டப்படி செல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஸ்.எஸ்.பி.எல்.-இன் 13-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: மென்பொருளைச் சேவையாக வழங்குபவர், அச்சேவையை நடத்த உதவும் மேலாண்மை, கண்காணிப்பு, பேக்கப், சேமிப்பு மென்பொருள்களின் மூலநிரலையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இது நிபந்தனை வடிவில் வந்த தடை. மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் 2018-இல் இவ்வுரிமத்தைக் கொண்டுவந்தபோது, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் இயங்குதளத் திட்டங்கள் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்க மறுத்தன. அமேசானிடம் சொந்தமாகத் தரவுத்தளம் எழுதும் ஆள்பலம் உண்டு. 2019 ஜனவரியில் மோங்கோடிபிக்கு மாற்றாக டாக்குமெண்ட்டிபியை வெளியிட்டு அதைக் காட்டியும்விட்டது. அடிபடுவது சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள்தான்.

முரளி:
அறிவிப்பு வந்த எட்டே நாளில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அறக்கட்டளை, பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்த ரெடிஸ் 7.2.4 பதிப்பிலிருந்து வால்கீ என்ற தனிக் கிளையைப் பிரித்துவிட்டது. தரவுத்தளத்தோடு பேசும் நெறிமுறையும் அதற்கான 6379 என்ற போர்ட் எண்ணும் அப்படியே இருப்பதால், ரெடிஸோடு இணையும் பழைய கிளையண்ட் நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றி இயங்குகின்றன.

வளர்மதி:
வால்கீக்குத் தோள் கொடுத்தவர்கள் அமேசான், கூகுள், ஆரக்கிள் என்பதையும் சொல்லுங்கள், முரளி. எந்தக் கிளவுட் நிறுவனங்களைக் கருதி உரிமம் மாற்றப்பட்டதோ, அவர்களின் பணத்தில்தான் அக்கிளை நிற்கிறது. ரெடிஸோ 2025 மே மாதம் எட்டாம் பதிப்பில், மாற்றிய நிரலை இணையச் சேவையாக வழங்குபவர் அதன் மூலநிரலைத் தர வேண்டும் என்னும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பிவிட்டது. இனி என்ன குறை?

இளங்கோ:
அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ரெடிஸ் என்ற பெயரும் மூலநிரல் களஞ்சியமும் இன்னும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2024-இல் ஓர் அறிவிப்பால் எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது அதனால்தான். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் ஏ.ஜி.பி.எல்.-ஐவிடத் தளர்வான உரிமத்தில் இருந்தும், திட்டம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று என்பதால், அங்கே இப்படி நடக்கவில்லை. பெயரை ஒரு பொது அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும்வரை, புதிய பணிகளுக்கு நான் வால்கீயையே பரிந்துரைப்பேன்.