பிளாஸ்டிக் தடை: கல்லாவிலும் சோதனைச் சாவடியிலும் கண்டவை

மளிகைக் கடை நடத்துபவர், ஈரோடு மாவட்டம்

14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தமிழக அரசின் தடை 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். மழைக்காலத்தில் எங்கள் தெருச் சாக்கடையிலிருந்து வாரி மேலே போடப்படுவது எது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்து வருபவன் நான். ஆனாலும், புதிய திட்டம் ஒன்று வரப்போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை எழுவதில்லை.

சோதனைக்கு வரும் அலுவலர்கள் கல்லாவுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள். கொக்கியில் மாட்டியிருக்கும் கவர்க் கட்டை உருவி, ஒன்றைப் பிரித்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு அபராதச் சீட்டு எழுதுவார்கள். அவர்கள் தலைக்கு நேர்மேலே ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய் எனச் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு முதலில் தரப்பட்டிருந்த விலக்கை அரசு 2020ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் என் கடையில் ஒரு சரம்கூடக் கீழே இறங்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் வந்ததுமில்லை.

பையின் தடிமனை அளக்கும் மைக்ரான் கணக்கு இன்னொரு குழப்பம். மத்திய அரசின் விதி, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாது என்கிறது. தமிழக அரசாணையோ, தடிமன் எதுவாயினும் கூடாது என்கிறது. வெளிமாநிலச் சரக்கைக் கொண்டு வருபவர், "120 மைக்ரான்தான் சார், செல்லும்" என்று பையில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அபராதம் கட்டுவது வாங்கிய கடைக்காரர். அந்தப் பை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று எந்தச் சோதனையிலும் என்னிடம் கேட்கப்பட்டதில்லை.

2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் வேலை முடிந்து வண்டியில் வருபவர் வெறுங்கையோடுதான் வருகிறார். கவர் இல்லை என்றால், எடை போட்ட பருப்பை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார். தெருவில் எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் ஒரு கடை நிறுத்த முடியும் என்பதைத் திட்டம் தீட்டுபவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாடகைக் கார் ஓட்டுநர், மேட்டுப்பாளையம்

மளிகைக் கடைக்காரர் ஐயா எழுதியதில் எனக்குப் பாதி உடன்பாடு. நீலகிரிக்கு ஏறும் வழியில் சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சில பயணிகள் அலுவலரிடம் சண்டை பிடிப்பார்கள், சிலர் பாட்டிலை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். மேலே குடிநீர் எந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் நாணயத்தை விழுங்கிவிட்டுத் தண்ணீர் தராத எந்திரத்துக்கு முன்னால் குழந்தையோடு நிற்கும் தாயிடம் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதே மலையில் வேறொன்றையும் கண்டேன். டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022இல் அங்கேதான் தொடங்கியது. அதன் பிறகு, சாலையோரப் புதரில் கிடக்கும் பாட்டிலையும் யாரோ ஒருவர் தேடி எடுத்துப் போகிறார். பாட்டிலை வாங்கி அடுக்கக் கடையில் இடமில்லை என்று ஊழியர்கள் புலம்புவது உண்மைதான். என்றாலும், கையில் காசு திரும்புகிறது என்றால் அறிவுரை தேவைப்படவில்லை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஊராட்சித் தரம்பிரிப்பு மைய ஒருங்கிணைப்பாளர்

எங்கள் மேசைக்கு வருவதைச் சொல்கிறேன். பால் கவரைப் பழைய பொருள் வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வார். ஆனால் வெட்டிப் போட்ட அதன் மூலைத் துணுக்கு அவருக்கும் உதவாது, எங்களுக்கும் உதவாது. தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு. உள்ளே வெள்ளியாக மின்னும் சிப்ஸ் உறைக்கு மட்டும் ஒரு பைசாகூடக் கிடையாது.

மறுசுழற்சிக்கு உதவாத இத்தகைய பல்லடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச் மாதத் திருத்தம், எரித்து ஆற்றல் பெற முடியாதவை, வேறு பயன்பாடு இல்லாதவை என்ற சொற்களைச் சேர்த்தது. சிமென்ட் ஆலையில் எரிக்கலாம் என்றாலே உறை தப்பித்துவிடுகிறது. 2022இல் உற்பத்தியாளர் பொறுப்புக்கான வழிகாட்டுதல்கள் வந்தபோது நிறுவனங்களே உறைகளைத் திரும்ப எடுக்கும் என நாங்கள் எதிர்பார்த்தோம். அவை மறுசுழற்சி செய்பவர்களிடமிருந்து அதற்கான சான்றிதழ் வாங்கினால் போதும் என்று ஆயிற்று, அந்தச் சான்றிதழ்களிலும் போலிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

சென்ற கூட்டத்துக்கு வந்த அலுவலரிடம், சிப்ஸ் உறைக்குக் கிலோவுக்கு எவ்வளவு தருவீர்கள், யார் தருவார்கள் என்று கேட்டேன். மேலே எழுதுவதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்திலும் அதையேதான் கேட்கப்போகிறேன்.